பெயர்ப் பலகைக்குப் பின்னால்: பழைய குழந்தைகள் நல நிறுவனங்கள் ஏன் பெயர் மாற்றுகின்றன, மாற்றும்போது என்ன நடக்கிறது?

நூறு வருஷமாக ஒரே பெயரில் இயங்கிய குழந்தைகள் நல நிறுவனம் ஒன்று திடீரென்று புதுப் பெயர், புதுச் சின்னம், புது நிறத்தோடு வந்து நின்றால், பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. இது அதே நிறுவனம்தானா? வேறு யாராவது எடுத்துக்கொண்டார்களா? ஏதோ தப்பு நடந்து, அதை மறைக்கத்தான் இந்த ஏற்பாடா? மாதாமாதம் நன்கொடை கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்ற கவலை. அங்கே ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் வரும் குடும்பத்துக்கோ தங்கள் ஃபைல் என்ன ஆகும் என்ற கவலை.

பெயர்மாற்ற அறிவிப்புகள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை. "புதிய பயணம்", "புதிய அடையாளம்" என்று இரண்டு பத்தி எழுதிவிட்டு முடித்துவிடுவார்கள். அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஒரு நிறுவனத்துக்கு மூன்று பெயர்கள்

குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. நாம் "பெயர்" என்று ஒற்றையாகச் சொல்வது உண்மையில் மூன்று விஷயங்கள்.

1. சட்டப் பெயர். பதிவுச் சான்றிதழில் இருப்பது. வங்கிக் கணக்கு, வரிவிலக்கு ஆணை, சொத்துப் பத்திரம், வேலை ஒப்பந்தம், நீதிமன்ற ஆவணம் எல்லாம் இந்தப் பெயரில்தான் இருக்கும்.
2. புழக்கப் பெயர். மக்கள் வாயில் வருவது, வாசலில் எழுதியிருப்பது. சட்டப் பெயர் மூன்று வரிக்கு நீண்டாலும் புழக்கப் பெயர் ஒற்றைச் சொல்லாக இருக்கலாம்.
3. பிராண்ட். சின்னம், நிறம், எழுத்துரு, விளம்பர வாசகம், படங்களில் குழந்தைகளைக் காட்டும் விதம், பேசும் தொனி எல்லாம் சேர்ந்தது.

பல அறிவிப்புகளில் மாறுவது இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும்தான். சட்டப் பெயர் அப்படியே இருக்கும். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் பழைய பெயர் தொடர்ந்து வரும். அதைப் பார்த்துவிட்டு "ஏமாற்று வேலை" என்று பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டியதில்லை, அது வழக்கமான ஏற்பாடு.

பெயரைவிட நம்பகமான அடையாளம் பதிவு எண். வெறும் பெயர்மாற்றம் என்றால் அந்த எண் பெரும்பாலும் மாறாது. நிறுவனம் சட்டத்தின் பார்வையில் அதே ஆள்தான். அதன் கடன், ஒப்பந்தம், வழக்கு, கொடுத்த வாக்கு எல்லாம் அப்படியே தொடரும். இரண்டு நிறுவனங்கள் இணைந்தால் கதை வேறு. அப்போது ஒரு எண் மறையலாம், அல்லது இரண்டும் போய்ப் புதிதாக ஒன்று வரலாம். ஒரு நிறுவனம் மூடப்பட்டு அதன் சொத்து மட்டும் இன்னொன்றின் கைக்குப் போனால் அது மூன்றாவது வகை. செய்தித் தலைப்பில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். எண்ணைப் பார்த்தால் எது என்று புரிந்துவிடும்.

## பழைய பெயர் ஏன் பொருந்தாமல் போகிறது

வெளியே சொல்லப்படும் காரணங்கள் பல. அலசிப் பார்த்தால் ஐந்துக்குள் அடங்கும்.

1. பெயரில் இருந்த சொல் வசையாகிவிட்டது. பிரிட்டனில் 1952இல், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் மூவரும் ஒரு சமூகப் பணியாளரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பின் பெயர் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி. அன்று அது மருத்துவச் சொல். நாற்பது வருஷத்துக்குள் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டப் பயன்படுத்தும் சொல்லாகிவிட்டது. 1994இல் அமைப்பு 'ஸ்கோப்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே நாட்டில் 1881இல் எட்வர்ட் ருடால்ஃப் தொடங்கிய அமைப்பு 'வெய்ஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸ்', அதாவது நாதியற்றுத் திரியும் பிள்ளைகளுக்கான சங்கம் என்றே அறியப்பட்டது. 1946 வரை அந்தப் பெயர் ஓடியது. பிறகு திருச்சபையின் பெயரோடு சேர்ந்த சிறுவர் சங்கமாகி, 1982இல் வெறும் 'சில்ட்ரன்ஸ் சொசைட்டி' ஆனது.

2. செய்யும் வேலை மாறிவிட்டது. மிகப் பழைய குழந்தைகள் நல நிறுவனங்களில் பல, இல்லம் நடத்துவதற்காகத் தொடங்கப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குழந்தையைப் பெரிய இல்லத்தில் வளர்ப்பதைவிடக் குடும்பத்தோடு வைத்திருக்க உதவுவதே நல்லது என்ற எண்ணம் வலுப்பெற்றது. இல்லங்கள் மூடின, பெயரில் மட்டும் 'இல்லம்' தொங்கிக்கொண்டிருந்தது. லண்டனில் 1870இல் சிறுவர்களுக்கு முதல் இல்லம் திறந்த டாக்டர் பர்னார்டோவின் நிறுவனம், 'டாக்டர் பர்னார்டோஸ் ஹோம்ஸ்' என்ற பெயரிலிருந்து 1966இல் 'ஹோம்ஸ்' என்பதை விட்டது. 1988இல் 'டாக்டர்' என்பதையும் விட்டு வெறும் 'பர்னார்டோஸ்' ஆனது. 1869இல் தொடங்கி நேஷனல் சில்ட்ரன்ஸ் ஹோம் என்று பெயரெடுத்த மற்றொன்று 2008இல் 'ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்' ஆனது.

3. யாருக்கு உதவுகிறோம் என்ற எல்லை மாறிவிட்டது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தவித்த குழந்தைகளுக்காக 1937இல் தொடங்கிய 'ஃபாஸ்டர் பேரண்ட்ஸ் பிளான் ஃபார் சில்ட்ரன் இன் ஸ்பெயின்' பல பெயர்களைக் கடந்து இன்று 'பிளான் இன்டர்நேஷனல்'. சீனக் குழந்தைகளுக்காக 1938இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சைனாஸ் சில்ட்ரன் ஃபண்ட்', வேலை மற்ற நாடுகளுக்குப் பரவ, 1951இல் 'கிறிஸ்டியன் சில்ட்ரன்ஸ் ஃபண்ட்' ஆகி, 2009இல் 'சைல்ட்ஃபண்ட் இன்டர்நேஷனல்' ஆனது. நாடு போயிற்று, மதம் போயிற்று, குழந்தை மட்டும் பெயரில் மிஞ்சியது.

4. தத்துவம் மாறிவிட்டது. 1869இல் லண்டனில் தொடங்கிய ஒரு சங்கத்தின் பெயரில் இரண்டு பணிகள் இருந்தன: ஏழைகளுக்கான உதவியை ஒழுங்குபடுத்துவது, பிச்சையெடுப்பதை ஒடுக்குவது. இரண்டாவது பணியை எந்தக் கூச்சமும் இல்லாமல் பெயரிலேயே வைத்திருந்தார்கள்! அதுவே 1946இல் 'ஃபேமிலி வெல்ஃபேர் அசோசியேஷன்', 2008இல் 'ஃபேமிலி ஆக்‌ஷன்'. இந்தியாவில் 1979இல் ரிப்பன் கபூர் தொடங்கிய க்ரை, 'சைல்ட் ரிலீஃப் அண்ட் யூ' என்பதைச் 'சைல்ட் ரைட்ஸ் அண்ட் யூ' என்று மாற்றிக்கொண்டதும் இந்த வகைதான். நிவாரணம் போய் உரிமை வந்தது. சுருக்கப் பெயர் அசையவில்லை.

5. இணைப்பு, பணமுடை, தலைமை மாற்றம். புதிதாக வந்த தலைமை அதிகாரிக்குத் தன் முத்திரை பதிக்கும் ஆசை என்பதும் இதில் அடக்கம். அறிக்கையில் இது வராது.

முதல் நான்கில் ஏதாவது ஒன்று உண்மையாக இருந்தால் பெயர்மாற்றத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஐந்தாவது மட்டும்தான் என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

## உண்மையான இழுபறி: கொடுப்பவரும் வருபவரும்

ஒரு சோப்புக் கம்பெனிக்கு வாங்குகிறவரும் பயன்படுத்துகிறவரும் அநேகமாக ஒரே ஆள். குழந்தைகள் நல நிறுவனத்தில் அப்படி இல்லை. பணம் ஒருவர் தருகிறார், சேவை இன்னொருவருக்குப் போகிறது. பெயர் இரண்டு பேரிடமும் வேலை செய்தாக வேண்டும். ஆனால் இருவருக்கும் அந்தப் பெயர் சொல்வது ஒன்றல்ல.

கொடுப்பவருக்குப் பழைய பெயர் பாசம். அம்மா அந்த நிறுவனத்தின் உண்டியலில் காசு போட்டிருப்பார், அப்பா வருஷா வருஷம் காசோலை அனுப்பியிருப்பார். 'அநாதை', 'ஆதரவற்றோர்' போன்ற சொல் பெயரில் இருந்தால் அது அவருக்கு இரக்கத்தைத் தூண்டும். எதற்காகக் கொடுக்கிறோம் என்பது சட்டென்று விளங்கும். நிதி திரட்டும் பிரிவு அந்தச் சொல்லை விட மனசில்லாமல் தவிப்பதற்குக் காரணம் இதுதான்.

வருபவருக்கு அதே சொல் வாசலில் ஒரு தடை. மகனுக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும் என்று வரும் தாய், பலகையில் "ஊனமுற்ற குழந்தைகள்" என்று எழுதியிருந்தால் உள்ளே நுழைவதற்கு முன் அதை ஏற்றுக்கொண்டாக வேண்டும். தெருவில் தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். வளரிளம் பிள்ளையாக இருந்தால் இன்னும் கஷ்டம். வண்டியின் பக்கவாட்டில் அந்தப் பெயர் பெரிதாக எழுதியிருந்தால், பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொல்லும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இரு தரப்பின் குரலும் சம அளவில் கேட்பதில்லை. பெயர்மாற்றம் பிடிக்காத நன்கொடையாளர் கடிதம் எழுதுவார், தொலைபேசியில் கோபப்படுவார், நன்கொடையை நிறுத்துவார். எல்லாம் எண்ணிக்கையில் வந்து நிற்கும். பழைய பெயரைப் பார்த்துத் திரும்பிப்போன தாய் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர் வந்ததே யாருக்கும் தெரியாது.

நிறுவனங்கள் வழக்கமாக எடுக்கும் கருத்துக்கணிப்பிலும் இதே ஓட்டைதான். தற்போது சேவை பெறும் குடும்பங்களிடம் "பெயர் உங்களுக்குப் பிரச்சினையா?" என்று கேட்பார்கள். பெரும்பாலோர் இல்லை என்பார்கள். சரி, அவர்கள் தயக்கத்தைத் தாண்டி உள்ளே வந்தவர்கள், வேறென்ன சொல்வார்கள்? கேட்க வேண்டியது, மருத்துவரோ ஆசிரியரோ பரிந்துரைத்தும் வராமல் போனவர்களிடம். அவர்களைத் தேடிப் பிடிப்பது சிரமம். ஆனால் பரிந்துரைக் கடிதங்களின் எண்ணிக்கையையும் முதல் சந்திப்புக்கு வந்தவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இடைவெளி தெரிந்துவிடும். அந்த இடைவெளிக்குப் பெயர் மட்டும் காரணமில்லை, தூரமும் நேரமும் உண்டு. இருந்தாலும் தேடத் தொடங்க அது நல்ல இடம்.

என் கணிப்பில், பெயர் விஷயத்தில் இரு தரப்பும் மோதினால் வருபவர் பக்கமே நிற்க வேண்டும். நன்கொடையாளரின் பாசத்தைக் கடிதம் எழுதி, விளக்கி, கொஞ்ச காலம் பொறுத்து மீட்டுக்கொள்ளலாம். ஒரு குழந்தை தவறவிட்ட இரண்டு வருஷப் பயிற்சியை அப்படி மீட்க முடியாது.

அதற்காக நன்கொடையாளரின் கோபத்தை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிடவும் கூடாது. தெரிந்த பெயர் என்பது பல தலைமுறை உழைப்பில் சேர்ந்த முதலீடு. பதற்றத்தில் இருக்கும் பெற்றோருக்கும் அது உதவுகிறது: யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கும் அந்த நேரத்தில் முதலில் நினைவுக்கு வருவது பழைய பெயர்தான். அதைக் கைவிட்டால் அதே அளவு பழக்கம் புதுப் பெயருக்கு வர வருஷங்கள் ஆகும்.

## புதுப் பெயர் எங்கிருந்து வருகிறது

வரலாற்றில் நான்கு வழிகள் திரும்பத் திரும்பத் தெரிகின்றன.

சுருக்கத்தை வைத்துக்கொண்டு விரிவை மாற்றுவது முதல் வழி. யுனிசெஃப் 1946இல் தொடங்கியபோது அதன் முழுப் பெயரில் 'சர்வதேச', 'அவசரகால' என்ற இரு சொற்கள் இருந்தன. 1953இல் நிரந்தர அமைப்பானபோது இரண்டும் நீக்கப்பட்டன. உலகம் பழகிய சுருக்கம் அப்படியே நின்றது. க்ரை செய்ததும் இதே. இருப்பதிலேயே செலவும் ஆபத்தும் குறைந்த வழி இதுதான். சுருக்கமே மோசமான சொல்லாக இருந்தால் மட்டும் உதவாது.

இரண்டாவது, மக்கள் வைத்த பெயரை ஏற்றுக்கொள்வது. அமெரிக்காவில் 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட் போலியோவை எதிர்க்க ஒரு தேசிய அறக்கட்டளை தொடங்கினார். ஆளுக்கொரு டைம், அதாவது பத்து சென்ட் நாணயம், வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று வானொலி நகைச்சுவை நடிகர் எடி கேன்டர் கேட்டுக்கொண்டார். அந்த இயக்கத்துக்கு அவர் வைத்த வேடிக்கைப் பெயர் 'மார்ச் ஆஃப் டைம்ஸ்'. தபால் பைகள் குவிந்தன. 1955இல் மருத்துவ ஆய்வாளர் சால்க்கின் போலியோ தடுப்பூசி வெற்றி பெற, போலியோ பின்வாங்கத் தொடங்கியது. அறக்கட்டளை 1958இல் பிறவிக் குறைபாடுகளின் பக்கம் திரும்பியது. நோயின் பெயரைச் சுமந்த அதிகாரப்பூர்வப் பெயருக்கு வேலை போய்விட்டது. எந்த நோயின் பெயரும் இல்லாத செல்லப்பெயருக்குப் போகவில்லை. 1970களில் அதுவே முறையான பெயரில் ஏறியது. இன்றும் அந்தப் பெயரில்தான் தாய்மார்களுக்கும் சிசுக்களுக்குமான வேலை நடக்கிறது. 1919இல் ஒஹையோவில் தொடங்கிய, பெயரில் 'முடமான குழந்தைகள்' இருந்த சங்கத்துக்கும் ஏறக்குறைய இதே கதை. 1934இல் ஈஸ்டரை ஒட்டி நிதிக்காக வெளியிட்ட ஒட்டுமுத்திரை பிரபலமாகி, 1967இல் ஈஸ்டர் சீல் என்பதே சங்கத்தின் பெயரில் இடம்பிடித்தது.

மூன்றாவது, நிறுவனரின் பெயர். பர்னார்டோ, பின்னால் பார்க்கப்போகும் லண்டனின் கோரம் போன்றவை. பெயர் எதையும் விவரிக்காததால் வேலை மாறினாலும் பெயர் பழசாவதில்லை. ஆபத்து, நிறுவனரின் வாழ்க்கையைப் பின்னால் யாராவது தோண்டும்போது வரும்.

நான்காவது, புதிதாக ஒரு பொதுச் சொல்லை எடுப்பது, ஸ்கோப் போல. யாரையும் புண்படுத்தாது. ஆனால் என்ன செய்கிறீர்கள் என்றும் சொல்லாது. பக்கத்தில் விளக்க வரி ஒன்று எப்போதும் கூடவே நடக்க வேண்டும்.

இதில் ஒரு பாடம் தனியாகச் சொல்ல வேண்டியது. உதவி பெறுபவரை விவரிக்கும் சொல்லைப் பெயரில் வைத்தால் அது சீக்கிரம் கெட்டுப்போகிறது, எவ்வளவு மென்மையாகத் தேர்ந்தெடுத்தாலும். அமெரிக்காவில் அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களின் பெற்றோர் 1950களில் அமைத்த சங்கத்தின் பெயரில் 'ரிட்டார்டட் சில்ட்ரன்' என்று இருந்தது. அன்று அது முந்தைய கடுஞ்சொற்களுக்கு மாற்றாக வந்த நாகரிகமான சொல். குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள், 1973இல் 'சில்ட்ரன்' என்பது 'சிட்டிசன்ஸ்' ஆயிற்று. பிறகு மற்ற சொல்லும் வசையாகி, 1992இல் 'தி ஆர்க்' என்று பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் மட்டும் மிஞ்சின. இதற்கு மாறாக, செயலைச் சொல்லும் பெயர் தாக்குப்பிடிக்கிறது: 1919இல் வைத்த 'சேவ் தி சில்ட்ரன்' இன்னும் மாறவில்லை.

## பலகை மாட்டிய பிறகு நடக்கும் வேலை

சின்னத்தை வரைவது எளிதான பகுதி. கீழே உள்ளவைதான் ஆளை அயர வைக்கும்.

வங்கிக் கணக்கில் தெரியும் ஒரு வரி. மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் நன்கொடை, கொடுப்பவரின் வங்கி அறிக்கையில் நிறுவனத்தின் பெயரோடு தெரியும். ஒரு மாதம் திடீரென்று அங்கே அறிமுகமில்லாத பெயர் வந்தால் என்ன நினைப்பார்? யாரோ திருடுகிறார்கள் என்றுதான். வங்கியைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவார். அவருக்குப் புதுப் பெயர் மேல் எந்த வெறுப்பும் இல்லை, தெரியவில்லை, அவ்வளவுதான். ஆகவே முன்கூட்டியே ஒரு முறைக்கு இரண்டு முறை கடிதமும் குறுஞ்செய்தியும் போக வேண்டும். மோசடிக்காரர்கள் இந்த இடைவெளியை நோட்டமிட்டு, "பெயர் மாறிவிட்டது, புதுக் கணக்கில் போடுங்கள்" என்று அனுப்புவதும் நடக்கக்கூடியதே. வங்கிக் கணக்கு மாறவில்லை என்றால் அதை அந்தக் கடிதத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

களப்பணியாளரின் அடையாள அட்டை. குழந்தைப் பாதுகாப்பு வேலையில் வீட்டுக் கதவைத் தட்டும் ஆள் யார் என்பது ஓர் இழையில் நிற்கும் நம்பிக்கை. நேற்றுவரை ஒரு பெயரில் வந்தவர் இன்று வேறு பெயர், வேறு நிறத்தில் அட்டையோடு நின்றால் கதவைப் பாதி திறந்தபடியே பேச்சு நடக்கும். சில மாதங்களுக்கு அட்டையில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும்; அதே பணியாளர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். புதிய ஆளையும் புதிய பெயரையும் ஒரே நாளில் அனுப்புவதைப் போன்ற தப்பு வேறில்லை.

உதவி எண். இதை மாற்றவே கூடாது. வருஷக்கணக்கில் பள்ளிச் சுவர்களிலும் மருத்துவமனைகளிலும் ஒட்டிய எண், எத்தனையோ பேர் கையில் எழுதி வைத்திருக்கும் எண். பழைய இணைய முகவரியும் பல வருஷம் உயிரோடு இருந்து புதியதற்கு வழிகாட்ட வேண்டும். முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டு, அதை வேறு யாரோ வாங்கி, குழந்தைகள் நல நிறுவனத்தின் பழைய பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் வந்தால் அதைவிடச் சங்கடம் கிடையாது.

அப்புறம் காகிதங்கள்: வளர்ப்புக் குடும்பத்தோடு போட்ட ஒப்பந்தம், நீதிமன்றம் குழந்தையை ஒப்படைத்த ஆணை, பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், காப்பீடு, பள்ளிகளோடு உள்ள உடன்படிக்கை. சட்டப் பெயர் மாறாவிட்டால் இவற்றை ஒன்றும் செய்ய வேண்டாம். மாறினாலும் நிறுவனம் அதே ஆள் என்பதால் இவை பொதுவாகச் செல்லும். ஆனால் ஒவ்வொரு அலுவலகத்திலும் அதை நிரூபிக்கும் சான்றிதழ் நகலோடு ஒருவர் அலைய வேண்டியிருக்கும். சட்டப் பெயரைத் தொடாமல் புழக்கப் பெயரை மட்டும் மாற்றுகிறவர்கள் அதிகம் என்பதற்கு இந்த அலைச்சல் ஒரு முக்கியக் காரணம்.

செலவைப் பற்றி இரண்டே வார்த்தை. "குழந்தைகளுக்குக் கொடுத்த பணத்தில் சின்னம் வரைகிறார்களா?" என்ற கேள்வி தவறாமல் எழும். குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கென்று வந்த பணத்தை இதற்குத் தொடக் கூடாது. பொது நிதியிலிருந்து செலவிடலாம், அல்லது இதற்கென்றே தனிக் கொடையாளர் முன்வரலாம். எவ்வளவு, எங்கிருந்து என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி சர்ச்சை அடங்கிவிடும். பழைய உறைகளையும் ரசீதுப் புத்தகங்களையும் தீரும்வரை பயன்படுத்துவது பார்க்க அழகில்லை என்று வடிவமைப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

## பழைய கணக்கு தீர்வதில்லை

பெயர்மாற்றம் மறைப்பு வேலையா என்ற சந்தேகத்துக்கு இங்கே பதில். சட்டப்படி பெயர் மாற்றியதால் எந்தப் பொறுப்பும் கழிவதில்லை. அமெரிக்காவின் பாய் ஸ்கவுட்ஸ் நிறுவனம் குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளின் சுமையில் 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சுமார் 240 கோடி டாலர் அளவிலான நிதி ஏற்பாடு பிறகு உருவானது. 2025 பிப்ரவரியில் அது 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' ஆனது. சிறுமிகளும் சேர்ந்துவிட்டதால் எல்லோரையும் வரவேற்கும் பெயர் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். இழப்பீட்டுக் கடமை புதுப் பெயரோடும் தொடர்கிறது.

சட்டம் தவிர்த்து இன்னொரு கணக்கும் உண்டு, அதைப் பல நிறுவனங்கள் மறந்துபோகின்றன. ஒரு காலத்தில் அங்கே வளர்ந்து, இப்போது ஐம்பது அறுபது வயதில் இருப்பவர்கள். தங்களை யார் கொண்டுவந்து விட்டார்கள், கூடப்பிறந்தவர் உண்டா என்று தேடி வருகிறவர்கள். அவர்கள் கையில் இருக்கும் காகிதத்தில் பழைய பெயர்தான் இருக்கும். பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பெற்றோர் இல்லாமல் அனுப்பப்பட்ட குழந்தைகளின் வரலாற்றில் மேலே பார்த்த பழைய நிறுவனங்கள் சிலவற்றுக்கும் பங்குண்டு. அதற்கு ஆஸ்திரேலியப் பிரதமர் 2009 நவம்பரிலும் பிரிட்டிஷ் பிரதமர் 2010 பிப்ரவரியிலும் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தக் குழந்தைகளில் ஒருவர் முதுமையில் தன் ஃபைலைத் தேடும்போது, மூன்று பெயர் மாறிய நிறுவனம் எது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலையாகிவிடுகிறது.

இதில் கோரமின் கதை வேறு மாதிரி. தாமஸ் கோரமின் முயற்சியில் லண்டனில் 1739இல் அரச சாசனம் பெற்ற 'ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல்', 1741இல் முதல் குழந்தைகளை ஏற்றது. பெயர்தான் ஹாஸ்பிடல், உண்மையில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். சேர்த்த உடனே குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்து புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். தாய் வைத்த பெயர் அத்தோடு போயிற்று. ஆனால் சேர்க்கைச் சீட்டில் அடையாளத்துக்கு ஏதாவது இருக்கும்: ஒரு துண்டுத் துணி, பாதியாக வெட்டிய நாணயம், பெயர் பொறித்த உலோகத் தகடு. நாளைக்குத் தாய் திரும்பி வந்தால் இன்ன குழந்தை தன்னுடையது என்று சொல்வதற்காக. அப்படி ஆயிரக்கணக்கான துணித்துண்டுகள் பதிவேட்டில் குத்தியபடி இன்றும் இருக்கின்றன, பூப்போட்ட பருத்தி, கோடுபோட்ட லினன் என்று. அந்த நிறுவனம் 1954இல் தாமஸ் கோரம் அறக்கட்டளை என்றாகி, இன்று சுருக்கமாகக் கோரம். பெயர் எத்தனை முறை மாறினாலும் பதிவேடு தொடர்ந்து காக்கப்பட்டதால்தான் அந்தத் துணிகளை இன்று பார்க்க முடிகிறது.

பெயர் மாற்றும் நிறுவனத்தின் திட்டத்தில் சின்னத்துக்குப் பத்துப் பக்கம் இருந்து, பழைய பதிவேடுகளுக்கு அரைப் பக்கமும் இல்லையென்றால் அது நல்ல அறிகுறி இல்லை.

## அறிவிப்பைப் படிக்கும்போது தேட வேண்டியவை

1. எந்தப் பெயர் மாறுகிறது, சட்டப் பெயரா புழக்கப் பெயரா? பதிவு எண் பழையதுதானா?
2. வேலையில் என்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து? பெயருக்கு முன்பே வேலை மாறியிருந்தால் பெயர் அதைப் பின்தொடர்கிறது. பெயர் மட்டும் முன்னால் ஓடினால், ஒரு வருஷம் கழித்து ஆண்டறிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.
3. யாரைக் கேட்டார்கள்? "சம்பந்தப்பட்டவர்கள் அனைவரையும் கலந்தாலோசித்தோம்" என்பது பதில் இல்லை. குடும்பங்கள், பிள்ளைகள், அங்கே வளர்ந்தவர்கள் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்களா?
4. பழைய பெயரில் தேடுகிறவருக்கு வழி இருக்கிறதா? முன்னாள் பிள்ளைகள் தங்கள் பதிவைக் கேட்க யாரை அணுக வேண்டும் என்று போட்டிருக்கிறார்களா?
5. இப்போது சேவை பெறும் குடும்பமாக இருந்தால்: பணியாளர் அதே ஆள்தானா, சந்திப்பு அதே இடத்தில்தானா, ஒப்புதல் படிவத்தில் மறுபடி கையெழுத்து வேண்டுமா? மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.
6. உயிலில் அந்த நிறுவனத்துக்கு எழுதியிருந்தால்: பெயர் மாறியதாலேயே உயில் கெட்டுவிடாது. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், குறிப்பிட்ட அறக்கொடை நிறைவேற முடியாமல் போனால் அதற்கு மிக நெருக்கமான நோக்கத்துக்குத் திருப்பிவிட நீதிமன்றத்துக்கு வழி உண்டு. ஆனால் அதற்கு நாளும் வழக்குச் செலவும் ஆகும். அடுத்த முறை வழக்கறிஞரைப் பார்க்கும்போது பழைய பெயர், புதுப் பெயர், பதிவு எண் மூன்றையும் சேர்த்து எழுதி, "அல்லது அதன் வாரிசு நிறுவனம்" என்ற சொற்களையும் போடச் சொல்லுங்கள்.